நாலாம் வரிசை, ஒன்பதாம் குழி

போன வாரம் வரதன் வீட்டுக்கு வந்தான். காலேஜில் நான் பார்த்த அட்டெண்டர் வேலையை இப்போது பார்க்கிறவன். கல் ரூமுக்கு வெள்ளையடிக்கிறார்களாம். அலமாரியைக் காலி பண்ணும்போது அடித்தட்டில் பழுப்புக் காகித அட்டை போட்ட ஒரு நோட்டுப் புஸ்தகம் கிடைத்ததாம். உள்ளே பூராவும் செத்தவர்கள் பேர்.

"மண்ணு, கல்லு படிக்கிற எடத்துல இது இன்னாத்துக்கு நைனா கீது? புது புரொபசர் கேக்கறாரு. தேவையில்லன்னா தூக்கிப் போட்டுடலாம்ன்றாரு. எழுத்து உன்னுதுன்னு ஆபீஸ்ல சொன்னாங்க."

எழுத்து என்னுடையதுதான். வாயால் சொன்னால் வரதன் பாதியை வழியிலேயே விட்டுவிடுவான். அதனால் எழுதுகிறேன். நான் அஞ்சாங்கிளாஸ். தப்பு இருக்கும்.

ராயபுரம் குப்பத்துக்காரன் நான். யுத்தம் ஆரம்பித்த வருஷம் காலேஜில் சேர்ந்தேன். அதற்கு முன்னால் ஹார்பரில் மூட்டை தூக்கினேன். மூட்டை தூக்கின உடம்பு என்பதால் கல் தூக்கப் போட்டார்கள். ஜியாலஜி என்று என் வாயில் வர ஆறு மாசம் ஆனது. எல்லோரும் கல் ரூம் என்றுதான் சொல்வார்கள்.

ஒவ்வொரு கல்லிலும் வெள்ளை பெயிண்டில் ஒரு பொட்டு இருக்கும். அதன் மேல் கறுப்பு மசியில் எண். காலையில் தட்டுத் தட்டாக எடுத்துத் துடைத்து, எண் மேலே தெரிகிற மாதிரி திருப்பி வைக்க வேண்டும். எண் கீழே போய்விட்டால் அந்தக் கல் எந்த ஊர், எந்த மலை என்று யாருக்கும் தெரியாது. அப்புறம் அது ரோட்டில் கிடக்கிற கல்தான். வேலை அவ்வளவுதான். அதைத்தான் முப்பது வருஷம் செய்தேன்.

எங்கள் புரொபசர் நடேசன் சார். ஒல்லி. சத்தம் போடமாட்டார். கல்லை நாக்கில் வைத்துப் பார்ப்பார். சாக்பீஸ் கையைப் போட்டிருக்கிற கோட்டில் துடைக்கமாட்டார். அதற்கென்று ஒரு துண்டு வைத்திருப்பார், நாலாக மடித்து. யாராவது பையன் கல்லைக் கீழே போட்டால் திட்டமாட்டார். தானே குனிந்து துண்டு துண்டாகப் பொறுக்குவார். அதைப் பார்த்துக்கொண்டு நிற்பதற்கு அடியே வாங்கிவிடலாம் என்று பையன்கள் சொல்வார்கள்.

என்னை "நீங்க" என்றுதான் பேசுவார். அந்தக் காலத்தில் அட்டெண்டரை அப்படிப் பேசுகிறவர் அந்தக் காலேஜில் அவர் ஒருத்தர்தான். முதல் மாசம் எனக்குப் பின்னால் யாரோ நிற்கிறார்கள் என்று ரெண்டு தடவை திரும்பிப் பார்த்திருக்கிறேன்.

எனக்கு எண் எழுதச் சொல்லிக் கொடுத்தபோது ஒன்று சொன்னார். "இருக்கிறதை இருக்கிற மாதிரி எழுதணும் சூசை. தப்பா இருந்தா தப்போடதான் எழுதணும். திருத்தறது அப்புறம்."

யுத்தம் முடிந்து வந்த ஜனவரியில் பையன்களைக் கூட்டிக்கொண்டு அரியலூர் பக்கம் போனோம். பத்து நாள். அங்கே வயலில் ஏர் ஓட்டினால் கல்லாய்ப்போன சிப்பி கிடைக்கும். என் மகள் பிலோமினாவுக்கு அப்போது நாலு வயசு. நான் கிளம்புகிற அன்றைக்கு ஒரு தடவை வாந்தி எடுத்தாள். தின்றது ஒத்துக்கவில்லை என்று நினைத்தோம். போகாதே என்று என் மனைவி ரெஜினா சொல்லவில்லை. போகாமல் இருந்திருக்கலாம். போனேன்.

நாலாம் நாள் மத்தியானம் தந்தி வந்தது. சார் படித்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். ஸ்டேஷன் நாலு மைல். வெயிலில் என் கூடவே நடந்து வந்தார். என் டிரங்குப் பெட்டியை அவர்தான் தூக்கிக்கொண்டு வந்தார். கொடுங்க சார் என்றேன். கொடுக்கவில்லை. ரயில் நகரும்போது ஜன்னல் பக்கம் வந்து "பேர் என்ன?" என்றார். "சூசை சார்" என்றேன். தலையை ஆட்டினார். அவர் குழந்தையின் பேரைக் கேட்டிருக்கிறார் என்பது விழுப்புரம் தாண்டித்தான் எனக்கு உறைத்தது.

நான் வந்து சேர்ந்தபோது அடக்கம் முடிந்து ஒரு நாள் ஆகிவிட்டது. காலரா. குப்பத்தில் அந்த வாரம் நிறையப் பிள்ளைகள் போயின. அடக்கத்துக்குப் பெண்கள் போவதில்லை. ரெஜினாவின் தம்பிதான் தூக்கிப் போய் வைத்துவிட்டு வந்தான். அவனுக்குக் கப்பலில் வேலை. அடுத்த வாரம் கப்பல் ஏறினவன் ரங்கூனில் நின்றுவிட்டான்.

ரெண்டு வருஷம் நான் அங்கே போகவில்லை. காலேஜ் விட்டால் வீடு.

ரெண்டாவது கல்லறைத் திருநாளுக்கு ரெஜினா சேலை மாற்றிக்கொண்டு வாசலில் நின்றாள். "நீ வர்லைன்னா நான் மட்டும் போறேன்யா" என்றாள். போனேன்.

திருவொற்றியூர் போகிற கடலோரத்தில் ஒரு சின்னக் கல்லறைத் தோட்டம் அது. மூன்று பக்கம் வேலி, பின்பக்கம் வேலியை ஒட்டி ரயில் லைன். அதனால் வாசல் கடலைப் பார்த்து இருக்கும். பெட்டியை ஈர மணல் வழியே தூக்கிக்கொண்டு வருவோம். குழி வெட்டுகிறவர் ஞானமுத்து. எங்கள் தெருவுக்குப் பின் தெரு. ஐம்பது வயசு இருக்கும், முதுகு அப்போதே வளைந்துவிட்டது.

அவரிடம் ஒரு புஸ்தகம் உண்டு. குழிப் புஸ்தகம் என்போம். நீளமான நோட்டு, எண்ணெய்ச் சீலை அட்டை. செத்தவர் பேர், யார் மகன், யார் மகள், வயசு, எந்த வரிசை, எத்தனையாவது குழி, எந்த அடியில் என்ன மண் வந்தது. எல்லாம் எழுதுவார். எங்கள் ஆட்களால் கல் சிலுவை வைக்க முடியாது. மரச் சிலுவை வைத்தால் யாராவது அடுப்புக்கு எடுத்துப் போய்விடுவார்கள். அதனால் யார் எங்கே என்று அந்தப் புஸ்தகத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

விரலில் எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டினார். "சூசை மவ பிலோமினா. நாலாம் வரிசை, ஒம்பதாம் குழி." கேட்டில் நின்று, கையிலிருந்த கழியால் ஒன்று, ரெண்டு என்று வரிசையைத் தொட்டுக்கொண்டே போனார். நாலாவதில் திரும்பி ஒன்பது எண்ணினார். சின்ன மேடு. குழந்தை அளவு.

"இத்தான் நைனா."

ரெஜினா உட்கார்ந்தாள். நான் நின்றேன்.

அப்புறம் நடேசன் சாரிடம் ஒரு கல் கேட்டேன். ஆகாத துண்டு ஒன்று இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். ஆகாத துண்டு இல்லை. பல்லாவரத்துக் கறுப்புக் கல், நல்ல கல். பேர் வெட்டப் பார்த்தேன். உளி வழுக்கியது. ரெண்டு நாள் உட்கார்ந்து ஒரு சிலுவை மட்டும் போட்டேன். கொண்டுபோய் அந்த மேட்டின் தலைமாட்டில் நட்டேன்.

அதிலிருந்து வருஷா வருஷம் போவோம். ஒரு விஷயம். நாங்கள் போகிறபோது அந்தக் கல்லடியில் ஏற்கெனவே ஒரு மெழுகுத்திரி எரிந்து அடங்கியிருக்கும். "யாரோ புண்ணியவதி" என்பாள் ரெஜினா. அதற்கு மேல் நாங்கள் நினைக்கவில்லை.

கடல் வந்துகொண்டே இருந்தது. ஐப்பசி, கார்த்திகையில் அலை கரையைக் கடிக்கும். ஒரு வருஷம் ஒரு வரிசை போகும். ஒரு வருஷம் ஒன்றும் போகாது. எங்கள் கல்லுக்கு முன்னால் மூன்று வரிசை இருந்தது. அப்புறம் ரெண்டு. அப்புறம் ஒன்று. அந்த ஒன்றும் போன ஐப்பசியில் நான் கரையில் நின்று பார்த்தேன். கரை உடைந்து சின்னச் சின்னப் பலகைத் துண்டுகள் தண்ணீரில் உருண்டன. முகத்தைத் திருப்பிக்கொண்டேன். யார் வீட்டுப் பிள்ளையோ என்று நினைத்தேன். நம்முடையது தப்பித்தது மாதாவே என்று சொல்லி வீட்டுக்கு வந்தேன்.

இப்போது கல் முதல் வரிசையில் நின்றது. ரெஜினா தூங்கவில்லை. "உள்ளார மாத்திடுய்யா. இன்னோர் மழ தாங்காது." மாதா கோயில் சாமியாரிடம் போனேன். எலும்பை எடுத்து ரயில் லைன் ஓரமாய் வைக்கலாம் என்று எழுதிக் கொடுத்தார். ஆனால் பிள்ளையைத் தோண்டுவது சின்ன விஷயமா? இந்த வருஷமே செய்ய வேண்டுமா, இன்னும் ரெண்டு வருஷம் தாங்குமா என்று மனசு அடித்துக்கொண்டது. சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே திரிந்தேன்.

அந்த வருஷம்தான் சார் கடல் பாடம் எடுத்தார். பாடப் புஸ்தகம் இங்கிலீஷ். அதில் இருந்த கரை எல்லாம் சீமையில் இருக்கிற கரை. பையன்கள் கிளி மாதிரி ஒப்பித்தார்கள். சார் ஒருத்தனை நிறுத்தி, "நம்ம ஊர் கடல் எந்தப் பக்கம் நகருது?" என்றார். அவன் சீமைக் கரையின் பேரைச் சொன்னான்.

கிளாஸ் முடிந்து சார் துண்டில் கை துடைத்துக்கொண்டே இருந்தார். கை சுத்தமான பிறகும் துடைத்தார். நானாக ஒன்றும் பேசுகிறவன் இல்லை. அன்றைக்குப் பேசினேன். எங்கள் பக்கம் ஒரு குழிப் புஸ்தகம் இருக்கிறது, மண்ணும் வரிசையும் அதில் எழுதியிருக்கிறது, கடல் எப்போது வரும் என்று அதை வைத்துச் சொல்ல முடியுமா என்று கேட்டேன். எனக்காகத்தான் கேட்டேன். அதை அவரிடம் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை டிராமில் வந்து இறங்கினார். ஞானமுத்து வேட்டியை இறக்கிவிட்டு நின்றார்.

"இன்னா சாமி, பொணம் பொதைக்கிற புக்கு காலேஜிக்கு இன்னாத்துக்கு? எங்காளுங்க செத்தும் பரிச்ச எழுதணுமா?"

சார் சிரித்தார். "நீங்க மண்ணைப் பத்தி எழுதியிருக்கிறது எங்க புஸ்தகத்துல இல்லை."

"அது மண்ணுக்காவ எழுதுனதில்ல சாமி. என் முதுகுக்காவ எழுதுனது. எங்க சிப்பி வரும், எங்க தண்ணி ஊறும்னு தெரிஞ்சா அடுத்த குழிய பாத்து வெட்டலாம்."

"இதைக் கொஞ்ச நாள் எடுத்துட்டுப் போகலாமா?"

"ஐயோ. நாளைக்கே ஒருத்தன் பூட்டான்னா நான் எதுல எழுதறது? உன் கல்லுலயா?"

அதனால் நான் உட்கார்ந்து பார்த்து எழுதினேன். ஞாயிற்றுக்கிழமை, ஞாயிற்றுக்கிழமையாக ரெண்டு மாசம். ஞானமுத்துவின் குடிசை வாசலில். சார் கோடு போட்டுக் கொடுத்திருந்தார். கடைசியில் ஒரு கட்டம் காலியாக விட்டிருந்தார், இப்போது அந்த வரிசை எங்கே என்று எழுத.

பிலோமினாவின் வரி வந்தது. எழுதினேன். சூசை மகள் பிலோமினா, வயசு நாலு, நாலாம் வரிசை, ஒன்பதாம் குழி, மூணரை அடியில் சிப்பி. சிப்பிமேல் படுத்திருக்கிறாள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

பத்துப் பக்கம் தாண்டி இன்னொரு வரி வந்தது. லாசர் மகன் சவரி, வயசு ரெண்டு, நாலாம் வரிசை, ஒன்பதாம் குழி, நாலு அடியில் சிப்பி. பிலோமினாவுக்கு ஒன்றரை வருஷம் பிந்தின தேதி.

பேனாவை வைத்துவிட்டேன். ஞானமுத்து தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பிக் கேட்டிருக்கலாம். கை தவறி எழுதியிருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த வரியை விட்டுவிடலாமா என்று பார்த்தேன். தப்பாக இருந்தால் தப்போடு எழுத வேண்டும் என்பது சார் வாக்கு. எழுதினேன். வாயைத் திறக்கவில்லை.

சார் அந்த நோட்டுக்கு அட்டை போட்டு, வெள்ளை பெயிண்டில் பொட்டு வைத்து, கல்லுக்குப் போடுகிற மாதிரி ஒரு எண் போட்டார்.

முதல் நாள் கிளாசில் பையன்களுக்கு முகம் சுளித்தது. கல்லறைப் புஸ்தகத்தைத் தொடமாட்டேன் என்று ஒருத்தன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். சார் கோபப்படவில்லை. மேலே வெள்ளை மணல், அடியில் சிப்பி, கறுப்புக் களி என்று போர்டில் அடுக்கடுக்காக வரைந்தார். ஒரு காலத்தில் அந்த இடம் உப்பங்கழியாக இருந்தது, அதன் தரைதான் அந்தச் சிப்பி என்றார். சிப்பி அடுக்கு சமமாகப் போகிறது, மேலே மணல் மட்டும் கடலை விட்டு உள்ளே போகப் போக வரிசைக்கு அரையடி உயர்கிறது என்று பையன்களே கண்டுபிடித்தார்கள். அப்புறம் முகம் சுளிக்கவில்லை.

"இந்தக் கரையில மணல் தெற்கேயிருந்து வடக்கே நடந்துக்கிட்டே இருக்கும். ஹார்பர் சுவர் அதை வழியில நிறுத்திடுச்சு. நீங்க சாயங்காலம் பீச்சில உட்கார்ந்து சுண்டல் தின்னுறீங்களே, அந்த மணல் இவங்களுக்கு வரவேண்டியது," என்றார். 

ரெண்டாம் நாள் வரிசைப் பாடம். ரங்கநாதன் என்கிற பையன் நோட்டைப் படித்தான். இன்னொருத்தன் கட்டம் போட்ட காகிதத்தில் ஒவ்வொருத்தரையும் அவரவர் குழியில் குறித்துக்கொண்டே வந்தான். நான் போர்டு பக்கம் கோல் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"லாசர் மகன் சவரி. வயசு ரெண்டு. நாலாம் வரிசை, ஒன்பது."

"சார், அந்தக் கட்டத்துல ஏற்கெனவே ஆள் இருக்காங்க சார்."

"ஹவுஸ் ஃபுல்லு மாமு, வேற தியேட்டர் பாரு" என்று பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல். எல்லோரும் சிரித்தார்கள்.

சார் போர்டில் எழுதிக்கொண்டே, திரும்பாமல், "முதல்ல இருக்கிறது யாரு?" என்றார்.

ரங்கநாதன் பக்கத்தைப் பின்னால் புரட்டினான். "சூசை மகள் பிலோமினா. வயசு நாலு. மூணரை அடியில் சிப்பி."

சாக்பீஸ் நின்றது. சார் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். அவர் பார்த்ததும் பையன்களும் பார்த்தார்கள். சிரிப்பு எங்கே போனது என்று தெரியவில்லை.

"இன்னிக்கு இதோட..." என்று நோட்டை வாங்கக் கை நீட்டினார்.

"முடிங்க சார்," என்றேன். "எந்த வரிசைன்னு தெரியணும்."

கிளாஸ் நடக்கும்போது நான் வாய் திறந்தது அந்த ஒரு தடவைதான்.

சார் கொஞ்ச நேரம் சாக்பீசை விரலில் உருட்டினார். அப்புறம் பையன்களைப் பார்த்து இல்லை, என்னைப் பார்த்துப் பேசினார். "ஒரே குழியில மூணரை அடியிலயும் நாலு அடியிலயும் சிப்பி வராது. இது ரெண்டு இடம். வரிசையை ஞானமுத்து எங்கிருந்து எண்ணுவார் சூசை?"

"கேட்டுலேருந்து சார்."

"கேட் எந்தப் பக்கம்?"

"கடல் பக்கம் சார்."

"கேட் எப்பவும் ஒரே இடத்துல இருந்துச்சா?"

எனக்குத் தெரியும். எத்தனை தடவை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். கடல் கேட்டைக் கொண்டுபோகும். ஞானமுத்து ரெண்டு கம்பை எடுத்துப் பின்னால் தள்ளி நட்டு, அதுதான் கேட் என்பார். அங்கேயிருந்து ஒன்று, ரெண்டு எண்ணுவார்.

"இல்ல சார். பின்னால தள்ளி வச்சிக்கினே வருவாரு."

சொன்னதும் எனக்கு விளங்கிவிட்டது. சார் போர்டில் கோடு போட்டது பையன்களுக்காக. அஞ்சு கோடு. பிலோமினாவை வைத்தபோது அவள் நாலாவது. அந்த வருஷ மழையில் முதல் கோடு போனது. அழித்தார். இப்போது அவள் மூணாவது. அஞ்சாவது நாலாவதாக ஆனது. அதில் ஒன்பதாவது குழியில் சவரியை வைத்தார்கள். அப்புறம்தான் நான் ரெண்டு வருஷம் கழித்துப் போய் நின்றேன். நாலாவதை எண்ணிக் கல்லை நட்டேன். சார் அடுத்த கோட்டை அழித்தார். அதற்கடுத்ததை அழித்தார். கடைசியாக அவள் கோடு. அதன்மேல் கையை வைத்தவர் அழிக்காமல் எடுத்துவிட்டார்.

போன ஐப்பசி. நான் நின்று பார்த்தேனே, பலகைத் துண்டு, அது அவள் பெட்டி.

சார் பையன்களிடம் ஒன்றே ஒன்று சொன்னார். "எங்கேயிருந்து எண்ணறோம்னு முதல்ல எழுதுங்க. அந்த இடம் நகருமான்னு பாருங்க." கிளாஸ் கலைந்தது. பின் பெஞ்சில் ஹவுஸ் ஃபுல் என்று சொன்ன பையன் என்னிடம் வந்து நின்றான். என் கையிலிருந்த கோலை வாங்கிக்கொண்டுபோய் மூலையில் வைத்தான்.

சாயங்காலம் சார் மற்ற பேருக்கெல்லாம் கடைசிக் கட்டத்தை எழுதினார். எந்த வரிசை, இல்லையென்றால் 'கடல்'. பிலோமினாவின் கட்டத்தைக் காலியாக விட்டிருந்தார். நானும் கேட்கவில்லை.

ஞானமுத்துவிடம் சொன்னேன். "மொத வரிச பூட்டா ரெண்டாவது தானே நைனா ஒண்ணாவுது? வேற எப்டி எண்ணறது?" என்றவர் பாதியில் நிறுத்திவிட்டார். புஸ்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "உன்மேல ஒண்ணும் இல்ல அண்ணாத்தே" என்றேன். உண்மையாகவே ஒன்றும் இல்லை.

ரெஜினாவிடம் சொல்ல மூன்று மாசம் ஆனது. கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாள் மீன் செதில் எடுத்துக்கொண்டிருந்தாள்.

"அந்தக் கல்லுக்குக் கீழ நம்ம புள்ள இல்ல."

கத்தி நின்றது. "இன்னாய்யா சொல்ற?"

சொன்னேன். எல்லாம் சொல்லவில்லை. பலகைத் துண்டை நான் பார்த்ததைச் சொல்லவில்லை. அவள் மிச்ச மீனையும் செதில் எடுத்து முடித்தாள். கையைக் கழுவினாள்.

"அப்போ இம்மாம் வருசம் யாருக்கு அழுதோம்?"

"லாசர் மவன் சவரி. ரெண்டு வயசு."

ஈரக் கையைச் சேலையில் துடைத்தாள். "மெழுகுத்திரி முன்னாடியே எரிஞ்சிருக்குமே," என்றாள். அதை நான் யோசிக்கவேயில்லை.

விடியும்போதே போனோம். கல்லடியில் ஒரு பொம்பளை உட்கார்ந்திருந்தாள். எண்ணூர் பக்கம் உப்பளத்தில் வேலை செய்கிறவள். காலெல்லாம் உப்பு வெடிப்பு. வேலைக்குப் போக வேண்டும் என்று வருஷா வருஷம் விடியலில் வந்துவிட்டுப் போவாளாம். புருஷன் லாசர் இப்போது உயிரோடு இல்லை.

"இந்தக் கல்ல யாரோ மவராசன் வெச்சாரும்மா," என்று ரெஜினாவிடம் சொன்னாள். "ஒரு வருசம் வந்து பாக்கறேன், கல்லு நிக்குது. பேரு கூட போட்டுக்கல. என் புள்ளைக்கு யாரு வெக்கப் போறா? அதான், திரி ஏத்தறப்போ அவுங்க வூட்டுக்கும் சேத்து வேண்டிக்குவேன்."

ரெஜினா என்னைப் பார்க்கவில்லை. "கடலு கிட்ட வந்துட்டுது. புள்ளைய உள்ளார மாத்திடும்மா," என்றாள்.

"யாரு உடுவாங்க? சாமியாரு எழுதித் தரணுமே."

ரெஜினா என் பக்கம் கையை நீட்டினாள். சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்துக் கொடுத்தேன். அதில் பேர் எழுதவில்லை. ஒரு குழந்தையின் எலும்பு என்றுதான் எழுதியிருந்தது.

ஞானமுத்து தோண்டினார். நாலு அடியில் சிப்பி வந்தது. எலும்பை அந்தத் தாய் தன் முந்தானையில் வாங்கினாள். ரயில் லைன் ஓரம் வைத்தோம். கல்லை நான் தூக்கிப் போய் நட்டேன். ஞானமுத்து புஸ்தகத்தில் எழுதினார். எங்கேயிருந்து எண்ணுவது என்று என்னைக் கேட்டார். ரயில் லைனிலிருந்து என்றேன்.

திரும்பி வரும்போது ரெஜினா தண்ணீர் ஓரத்தில் நின்றாள். கொண்டுவந்த திரியை ஏற்றப் பார்த்தாள். காற்றில் நிற்கவில்லை. மூன்று குச்சி கிழித்தாள். அப்புறம் திரியை மடியில் கட்டிக்கொண்டு நடந்தாள்.

மறுநாள் காலேஜில் கல்லெல்லாம் துடைத்து முடித்து, அந்த நோட்டை எடுத்தேன். காலிக் கட்டத்தில் 'கடல்' என்று எழுதினேன்.

சார் வருஷா வருஷம் அந்த நோட்டை வைத்துப் பாடம் எடுத்தார். அவள் பேர் இருக்கிற பக்கம் வரும்போது நான் வெளியே போனதில்லை. அவர் ரிடையர் ஆன பிறகு யாரும் அதை எடுக்கவில்லை.

ஞானமுத்து போய்விட்டார். அவர் புஸ்தகம் ஒரு மழையில் குடிசையோடு போயிற்று. கல்லறைத் தோட்டமும் இல்லை. அங்கே இப்போது பாறாங்கல் கொட்டி வைத்திருக்கிறார்கள். சவரியும் கல்லும் அந்தப் பாறைக்குக் கீழே எங்கேயோ. ரெஜினா போனபோது வேறு இடத்தில் வைத்தேன். வரதன் சொன்னது அவள் காதில் விழவில்லை, நல்லது.

பிலோமினா பிறந்தது மாதா கோயில் புஸ்தகத்தில் இருக்கும். அவள் எங்கே இருக்கிறாள் என்று எழுதியிருப்பது உங்கள் அலமாரியில் கிடைத்ததில் மட்டும்தான். பதினேழாம் பக்கம். கடைசிக் கட்டம் பூராவும் சார் எழுத்து. ஒன்று மட்டும் என் எழுத்து.

புரொபசர் ஐயா, தூக்கிப் போட வேண்டாம். வெள்ளையடித்துக் காய்ந்ததும் அதே அடித்தட்டில் வைக்க வரதனிடம் சொல்லுங்கள். எண் மேலே தெரிகிற மாதிரி.